மன்றத்தில் துண்டு விழுந்தால் வகுப்பை நிறுத்துவதா, விழாவைப் பெரிதாக்குவதா?

தக்கலைப் பக்கம் ஒரு சிறிய கலை மன்றத்தின் செயலாளர் மூன்று வருட வரவு செலவை அனுப்பி இப்படிக் கேட்டிருக்கிறார்: "அக்கா, பிள்ளைகளுக்கு வில்லிசையும் கோல் அடித்து ஆடும் களியலும் சொல்லிக்கொடுக்கிறோம். கோயில் கொடை விழாக்களுக்கு எங்கள் குழு போகிறது. வருடம் ஒருமுறை மூன்று நாள் விழா எடுக்கிறோம். மூன்று வருடமாகத் துண்டு விழுந்து இப்போது 3,80,000 ரூபாய் கடன். கமிட்டியில் பாதிப்பேர் வகுப்பை நிறுத்துவோம் என்கிறார்கள். மீதிப்பேர், விழாவை இன்னும் பெரிதாக எடுத்தால் வசூலில் சரிக்கட்டலாம் என்கிறார்கள். கலைவாணர் பிறந்த மண்ணில் ஒரு மன்றத்தைப் பூட்ட மனம் வரவில்லை. என்ன செய்ய?"

தம்பி, இரண்டுமே வேண்டாம். நாகர்கோவிலில் கூட்டுறவு வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள் நான். 22 வருடமாக இதுபோன்ற சிறிய சங்கங்களுக்குக் கணக்கு பார்த்துக் கொடுக்கிறேன். துண்டு விழுந்ததும் வகுப்பில் கைவைப்பதும், கடனை அடைக்க விழாவைப் பெரிதாக்குவதும் நான் திரும்பத் திரும்பப் பார்த்த இரண்டு தவறுகள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: எல்லா வரவும் ஒரே பையில் விழுகிறது, எல்லாச் செலவும் அதே பையிலிருந்து போகிறது. எந்த வேலை பணம் கொண்டுவருகிறது, எது தின்கிறது என்று யாருக்கும் தெரிவதில்லை.

உங்கள் கடைசி வருடக் கணக்கை நான் நான்காகப் பிரித்துப் பார்த்தேன். வகுப்புக்கு வந்த கட்டணம் 84,000. இரண்டு ஆசிரியர்களுக்கு மாதம் 6,000 வீதம் போனது 1,44,000. ஆக 60,000 நஷ்டம். வெளி நிகழ்ச்சிகள் 14, நிகழ்ச்சிக்கு 20,000 வீதம் வரவு 2,80,000. கலைஞர் கூலி, வேன், உடை எல்லாம் சேர்த்துச் செலவு 2,20,000, 60,000 மிச்சம். வாடகை, மின்கட்டணம், ஆடிட்டர் என்று அலுவலகச் செலவு 50,000, அதற்கு எதிரே உறுப்பினர் சந்தா 30,000, 20,000 குறைவு. ஆண்டு விழாவுக்கு நன்கொடையும் விழா மலர் விளம்பரமும் சேர்ந்து 1,80,000 வந்தது, 3,00,000 செலவானது. அதில் மட்டும் 1,20,000 போயிருக்கிறது.

மொத்தத் துண்டு 1,40,000. குழு சம்பாதித்துத் தந்த 60,000 இல்லாவிட்டால் இரண்டு லட்சம். அந்த இரண்டு லட்சத்தில் 1,20,000 விழாவின் பங்கு. கமிட்டியில் வெட்டுவோம் என்று பேசிக்கொண்டிருப்பதோ வகுப்பை.

விழா என்பது ஊர் முன்னால் மன்றத்தின் கௌரவம். அதைத் தொடக் கூசும். ஆனால் அந்த மூன்று இரவில் ஓர் இரவுக்கு மட்டும் வெளியிலிருந்து அழைத்த சின்னத்திரைப் பாடகருக்கு 85,000 கொடுத்திருக்கிறீர்கள். உங்கள் மன்றத்தில் உடுக்கை அடிப்பவருக்கும் குடம் அடிப்பவருக்கும் அதே வருடம் கொடுக்க வேண்டிய கூலி 70,000 பாக்கி நிற்கிறது. இந்த இரண்டு எண்களையும் ஒரே தாளில் எழுதிக் கமிட்டி முன்னால் வையுங்கள். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிராது.

வகுப்புக்கு வருவோம். 42 பிள்ளைகள், மாதம் 300, வருடத்தில் பத்து மாதம்: முழுதாக வந்தால் 1,26,000. வந்தது 84,000. குறைந்த 42,000 எங்கே என்று பதிவேட்டைப் பார்த்தால், 14 பிள்ளைகள் ஒரு மாதம்கூடக் கட்டவில்லை. ரப்பர் பால் வெட்டுக்கும் முந்திரி ஆலைக்கும் போகிற வீட்டுப் பிள்ளைகள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது பாக்கி இல்லை, தம்பி. மன்றம் மனதறிந்து கொடுக்கிற சலுகை. பாக்கி என்று எழுதினால் அந்தத் தாய் வகுப்பு வாசலில் நிற்கக் கூசுவாள், கொஞ்ச நாளில் பிள்ளை நின்றுவிடும். சலுகை என்று எழுதி, ஒரு பிள்ளைக்கு வருடம் 3,000 என்று 14 பேரிடம் கேளுங்கள். "மன்றத்துக்கு நன்கொடை தாருங்கள்" என்றால் 500 தருகிறவர், "ஒரு பிள்ளை ஒரு வருடம் வில்லிசை படிக்க 3,000" என்றால் தருவார். நான் பலமுறை கண்டது இது. அந்த 42,000 வந்தால் வகுப்பின் நஷ்டம் 18,000-க்கு இறங்கும். அந்த 18,000 நாளைய குழுவுக்குப் போடும் விதைநெல். அதை வெட்டினால் ஐந்து வருடத்தில் வெளி நிகழ்ச்சிக்கு ஆள் இருக்காது. இன்று பணம் கொண்டுவருகிற ஒரே வேலையும் போய்விடும்.

அந்த 14 பேரைத் தேடும்போது வளைகுடாவில் வேலை பார்க்கிற ஊர்க்காரர்கள் உடனே நினைவுக்கு வருவார்கள். தாராளமாகக் கேளுங்கள், ஆனால் ஒன்று கவனியுங்கள். இந்தியக் குடியுரிமை வைத்திருப்பவர் துபாயிலிருந்தோ குவைத்திலிருந்தோ தன் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவரே அமெரிக்கக் குடியுரிமையோ பிரிட்டிஷ் குடியுரிமையோ வாங்கிவிட்டால், இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கான ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், அவர் பணம் வெளிநாட்டுப் பணம்தான். 2010-ம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி அனுமதி பெறாத மன்றம் அதைத் தொடக் கூடாது. அனுப்புகிறவரிடம் கடவுச்சீட்டு எந்த நாட்டுடையது என்று கேட்பதில் வெட்கமில்லை. அதன் நகலை வாங்கி ரசீதோடு வையுங்கள்.

வெளி நிகழ்ச்சிக் கட்டணத்தை வரும் சித்திரையிலிருந்து 23,000 ஆக்குங்கள். 14 நிகழ்ச்சிக்கு 42,000 கூடும். அதில் பாதியைக் கலைஞர்களுக்குக் கொடுங்கள். 21,000 மன்றத்தில் நிற்கும். கொடை கமிட்டிக்காரர்கள் சண்டை பிடிப்பார்கள். வேன் வாடகையும் கூலியும் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கணக்கைக் காட்டிப் பேசுங்கள். தேதி கொடுக்கும்போதே பாதியை அச்சாரமாக வாங்குங்கள். கொடை முடிந்து விடியற்காலையில், களைத்துப்போன கமிட்டிக்காரரிடம் மீதிக்கு நிற்பது போல் சங்கடம் வேறில்லை.

விலை ஏற்றச் சொல்வது பேராசையில் அல்ல. 1966-ல் வில்லியம் பாமல், வில்லியம் போவன் என்ற இரண்டு அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் நிகழ்த்துகலைகளின் கணக்கை ஆராய்ந்து ஒன்றைச் சொன்னார்கள். தொழிற்சாலையில் இயந்திரம் வந்தால் அதே ஆள் பத்து மடங்கு செய்வார், கூலி கூடினாலும் பொருளின் அடக்கவிலை ஏறாது. நான்கு பேர் வாசிக்கிற இசைக்கு இருநூறு வருடம் முன்னால் நான்கு பேர் வேண்டியிருந்தது, இன்றும் நான்கு பேர்தான் வேண்டும், அதே நேரம்தான் ஆகும். ஆனால் அந்த நால்வரும் இன்றைய விலைவாசியில் அரிசி வாங்க வேண்டும். வில்லிசைக்கும் இது அப்படியே பொருந்தும். வில்லுக்கு ஒருவர், குடத்துக்கு ஒருவர், உடுக்கைக்கு, கட்டைக்கு, தாளத்துக்கு என்று ஆள் வேண்டும். எந்த இயந்திரமும் அந்த எண்ணிக்கையைக் குறைக்காது. ஆகவே கலையின் செலவு வருமானத்தை விட வேகமாக ஏறுவது அதன் இயல்பு. பத்மநாபபுரம் அரண்மனை நவராத்திரி மண்டபத்தில் பாடியவர்கள் டிக்கெட் விற்றுப் பாடவில்லை, அரசு தாங்கியது. இன்று அந்த இடத்தில் சந்தாவும் நன்கொடையும் மானியமும் நிற்கின்றன. கொஞ்சம் இடைவெளி எப்போதும் இருக்கும், அதை வருடாவருடம் கேட்டு நிரப்பத்தான் வேண்டும். உங்கள் கடிதத்தில் ஏதோ குற்றம் செய்ததுபோல் ஒரு தொனி இருந்தது. துண்டு விழுவது குற்றமில்லை. அது எங்கே விழுகிறது என்று பாராமல் இருப்பதுதான் தவறு.

துண்டிலும் வகை உண்டு. மானியம் ஒப்புதலாகி, பணம் ஆறு மாதம் கழித்து வருவதால் கை கடிப்பது ஒன்று. அது காலத்தின் இடைவெளி, பணம் வந்ததும் அடையும். மழையிலும் புயலிலும் ஒரு வருடம் கவிழ்வது இன்னொன்று. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி அடித்தபோதும், 2020-ல் ஊரடங்கு சித்திரைக் கொடைகளை முழுதாகத் தின்றபோதும் பட்டது அப்படி. அதற்குக் கையிருப்பு வேண்டும். ஒவ்வொரு வருடமும், நல்ல வருடத்திலும், ஒரே இடத்தில் போவது மூன்றாவது. உங்களுடையது இந்த மூன்றாம் வகை. இதற்குக் கடன் வாங்குவது பொத்தல் குடத்தில் தண்ணீர் கோருவது போல.

விழாவை என்ன செய்வது? நிறுத்தச் சொல்லவில்லை. வெளிப் பாடகரை விட்டால் 85,000 மிச்சம், நஷ்டம் 35,000-க்கு வரும். மூன்றாம் இரவைப் பிள்ளைகளின் களியலுக்கும் பழைய மாணவர்களின் வில்லுக்கும் கொடுங்கள். தன் பேரப்பிள்ளை மேடையில் நிற்கிற இரவில்தான் பாட்டி நூறு ரூபாய் எடுத்து நீட்டுவாள். இன்னொரு கட்டுப்பாடு: நோட்டீஸ் அடிப்பதற்கு முன் கையில் எவ்வளவு வந்திருக்கிறதோ அவ்வளவுக்குத்தான் பந்தலும் மைக் செட்டும் பேசுவது. "தருகிறேன்" என்ற வாக்கில் பாதியைக்கூட வரவில் எழுதக் கூடாது. மலர் விளம்பரமும் அப்படியே. பணம் வந்த பக்கம்தான் அச்சுக்குப் போக வேண்டும்.

இப்போது கூட்டிப் பாருங்கள். வகுப்பில் 18,000 குறைவு, அலுவலகத்தில் 20,000, விழாவில் 35,000: மொத்தம் 73,000. குழுவின் மிச்சம் 81,000. வருட முடிவில் 8,000 கையில் நிற்கும். சின்னத் தொகைதான். ஆனால் மூன்று வருடமாகச் சரிந்துவந்த கணக்கு அங்கே நின்றுவிடும்.

அடுத்தது பழைய கடன் 3,80,000. இதை நடப்புக் கணக்கோடு கலக்காமல் தனி நோட்டில் எழுதுங்கள். தலைவரிடம் வாங்கிய கைமாற்று 1,60,000, மைக் செட்டுக்கும் பந்தலுக்கும் 90,000, கலைஞர் கூலி 70,000, வாடகை பாக்கி 60,000. நாமெல்லாம் வழக்கமாகச் செய்வது, சத்தம் போடுகிறவருக்கு முதலில் கொடுப்பது. கலைஞர்கள் சத்தம் போட மாட்டார்கள், அடுத்த நிகழ்ச்சி கிடைக்காமல் போய்விடும் என்று பயம். அதனாலேயே அவர்களுக்கு முதலில் கொடுக்க வேண்டும் என்பேன். மைக் செட்டுக்காரரிடமும் கட்டட உரிமையாளரிடமும் நேரில் போய், தொகையை ஒப்புக்கொண்டு, மாதம் இவ்வளவு என்று எழுதிக் கொடுங்கள். சின்னத் தொகையானாலும் சொன்ன தேதியில் போனால் அவர்கள் பொறுப்பார்கள்.

தலைவரின் பணத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது, கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். அவர் அதைக் கையில் ரொக்கமாகக் கொடுத்தாரா, வங்கி வழியாகவா? ஒருவரிடமிருந்து 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்குவதை வருமான வரிச் சட்டத்தின் 269எஸ்எஸ் பிரிவு தடுக்கிறது. வாங்கிய தொகை அளவுக்கே தண்டம் விதிக்க இடமுண்டு. திருப்பிக் கொடுப்பதற்கும் இதே கட்டுப்பாடு. ரொக்கம் என்றால் மறைக்காமல் ஆடிட்டரிடம் சொல்லுங்கள். தலைவர் கடனை விட்டுக்கொடுக்க மனதுள்ளவர் என்றால், வெறும் கணக்குப் பதிவில் "நன்கொடை" என்று மாற்றாதீர்கள். மன்றத்தில் பணம் சேரும்போது காசோலையில் திருப்பிக் கொடுங்கள், அவர் விரும்பினால் தன் காசோலையில் நன்கொடையாகத் தரட்டும். வரி எண்களைப் பழைய சட்டப்படியே சொல்கிறேன். 2025-ம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை, அதில் பிரிவு எண்கள் வேறு.

வரிப் பக்கம் இன்னும் இரண்டு விஷயம். வருமான வரி விலக்குக்கான 12ஏபி பதிவுள்ள மன்றம் வருமானத்தில் 85 சதவீதத்தை நோக்கத்துக்குச் செலவிட்டுக் காட்ட வேண்டும். முன்பெல்லாம் பழைய வருடத் துண்டை இந்த வருட வருமானத்தில் கழித்துக் காட்டுவோம். 2021 நிதிச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அது முடியாது. கொடுக்காமல் பாக்கி வைத்த கூலி, கொடுக்கிற வருடத்தில்தான் செலவாகக் கணக்கில் வரும். அடுத்து, மன்றத்தின் மொத்த வருமானத்தில் ஏறத்தாழ பாதி உங்கள் குழு வாங்கும் கட்டணம். பொதுப்பயன் நோக்கமுள்ள அமைப்புக்குக் கட்டணம் வாங்கிச் செய்யும் வேலையின் வரவு, வணிகம் போன்றது என்று கருதப்பட்டால், மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஒரு வரம்பு இருக்கிறது. அடக்கவிலையை ஒட்டி வாங்கும் கட்டணத்தை வணிகம் என்று சொல்ல வேண்டியதில்லை என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. உங்கள் கட்டணம் எப்படி நிர்ணயமானது என்ற கணக்குத்தாளைப் பத்திரமாக வைத்து, இதையும் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி இருந்தால் நன்கொடை கொட்டும் என்று கமிட்டியில் ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். இருப்பது நல்லது. ஆனால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் சலுகை இல்லை, புதிய வரி முறையைத் தேர்ந்த சம்பளக்காரருக்கும் இல்லை. நம் ஊரில் பெரும்பாலோர் தருவது வரிக்காக அல்ல, கேட்டவர் முகத்துக்காக.

கடன் அடைக்கப் பணம் திரட்டுவது பற்றி. பரிசுக் கூப்பன் அடித்துக் குலுக்கல் போடலாம் என்ற யோசனையை இன்றே விடுங்கள். தமிழ்நாட்டில் 2003-லிருந்து லாட்டரிக்குத் தடை. மன்றப் பணத்தை ஏலச்சீட்டில் போட்டு எடுப்பதும் கூடாது, 12ஏபி அமைப்புக்கு அனுமதித்த முதலீட்டு வகைகளில் சீட்டு இல்லை. நம் தேவாலயங்களில் ஸ்தோத்திரப் பண்டிகையில் வாழைக்குலையும் பலாப்பழமும் சேவலும் ஏலம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு தேங்காய் ஆயிரம் ரூபாய்க்குப் போகும், வாங்கியவர் சிரித்துக்கொண்டே கொடுப்பார். விழாவின் மூன்றாம் இரவில் அதைச் செய்யுங்கள். இது கலைஞர் கூலி பாக்கிக்கு என்று மேடையிலேயே அறிவியுங்கள். கடன் என்று சொல்ல வெட்கப்பட்டு "கட்டட நிதி" என்று ரசீது அடிக்க வேண்டாம்.

இந்தக் கடைசி வரியை நான் சும்மா எழுதவில்லை. பல வருடம் முன்னால் நான் பொருளாளராக இருந்த ஒரு சங்கத்துக்கு உடையும் வாத்தியமும் வாங்க மானியம் வந்தது. அதே வாரம் விழா. மைக் செட்டுக்காரர் வாசலில் நின்றார். அந்தப் பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, வசூல் வந்ததும் உடை வாங்கலாம் என்று கமிட்டி முடிவு செய்தது, நானும் கையெழுத்துப் போட்டேன். இரண்டு நாள் மழை, வசூல் வரவில்லை. பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுக்க வேண்டிய நாளில் உடையும் இல்லை, பில்லும் இல்லை. தொகையை வட்டியோடு திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது. கட்டினோம். அதற்குப் பிறகு அந்தச் சங்கத்துக்கு மானியம் கிடைக்கவில்லை. ஒரு காரியத்துக்கென்று தந்த பணம் வங்கியில் நம் பெயரில் இருந்தாலும் நம்முடையதல்ல. அதற்குத் தனிச் சேமிப்புக் கணக்கு தொடங்கிவிடுங்கள், கை போகாது.

மானியத்துக்கு விண்ணப்பிக்க இடங்கள் இருக்கின்றன: மாநிலக் கலை பண்பாட்டுத் துறை, தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம், தஞ்சாவூர் தென்னகப் பண்பாட்டு மையம், டெல்லியில் சங்கீத நாடக அகாதமி, மத்திய கலாச்சார அமைச்சகம். மத்திய மானியங்களுக்கு தொண்டு அமைப்புகளுக்கான நிதி ஆயோக்கின் தர்பன் தளத்தில் பதிவு எண் வேண்டும். நிறுவனங்கள் சமூகப் பொறுப்பாகச் செலவிடும் சி.எஸ்.ஆர். பணத்துக்கும் கம்பெனிகள் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் கலை, பண்பாடு இடம்பெற்றிருக்கிறது. எல்லாவற்றுக்கும் எழுதிப் போடுங்கள், ஆனால் கையில் வராத வரை ஒரு ரூபாயையும் வரவில் சேர்க்காதீர்கள்.

மாதக் கணக்கில் ஒரு பழக்கம் வேண்டும். பங்குனியிலிருந்து ஆனி வரை நிகழ்ச்சிப் பணம் வரும். ஐப்பசி கார்த்திகையில் ஒன்றும் வராது. இங்கே மழை பெய்தால் குளம் நிறையும், மன்றத்தின் கை வறளும். வைகாசியில் பாஸ்புக்கைப் பார்த்துப் புது ஆம்ப்ளிஃபையர் வாங்கிவிட்டு ஐப்பசியில் ஆசிரியர் சம்பளத்துக்குக் கைமாற்று வாங்கியிருக்கிறீர்கள். உங்கள் கணக்கிலேயே தெரிகிறது. சம்பளம், வாடகை, மின்கட்டணம் சேர்த்து உங்களுக்கு மாதம் 16,000 சொச்சம் கட்டாயச் செலவு. மூன்று மாதத்துக்கு ஐம்பதாயிரம். வைகாசி வரவிலிருந்து அதைப் பிரித்துக் கூட்டுறவு வங்கியில் போட்டு, பொதுக்குழு தீர்மானம் இல்லாமல் எடுக்க முடியாது என்று வையுங்கள். முதல் வருடம் முழுதும் முடியாது, பதினைந்தாயிரத்தில் தொடங்குங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. கூலி பாக்கி உள்ள கலைஞர்களின் பெயரையும் தொகையையும் எழுதி, செயலாளரும் பொருளாளரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு நகல் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். போகும்போது நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். இல்லையென்றால் விண்ணப்பத்தை நீங்களே நிரப்பிக் கொடுங்கள். அந்தப் பட்டியல் தயாரானதும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், தவணையை எப்படிப் பிரிப்பது என்று சேர்ந்து பார்ப்போம்.